ஆறாவது படத்தின் இடது ஓரம்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

காலையில் அனுசியாவின் மின்னஞ்சல். 'அன்புள்ள ஆன்ட்டி' என்று தொடங்குகிறாள். பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்கிறவள், ஒரு தொகுப்பு நூலுக்குப் பதிப்பாசிரியர். நான் அவளுக்கு எந்த வகையிலும் ஆன்ட்டி இல்லை. பதிலில் 'திருமதி செலின் அந்தோணிராஜ்' என்று முழுதாகக் கையெழுத்திட்டேன். புரிந்துகொள்வாள் என்று நம்புகிறேன்.

செய்தி நல்ல செய்திதான். என் கணவருடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்தபோதே தொடங்கி முப்பது வருடம் மலாக்காத் தோட்டங்களில் அலைந்து தப்பையும் உறுமியையும் உடுக்கையையும் அளந்து எழுதிவைத்தார். ஒரு பக்கத்தைக்கூட அச்சில் பார்க்காமல் போன வருடம் பிப்ரவரியில் போய்விட்டார். கைப்பிரதியைத் தட்டச்சு செய்து அனுப்பியது நான்.

நிபந்தனை: ஆறு கருவிகளுக்கு ஆறு படங்கள். பழைய படங்களாக இருக்க வேண்டும். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளித் தெளிவு. எடுத்தவர் யார், யாருக்குச் சொந்தம், எழுத்தில் அனுமதி. நவம்பர் முப்பதுக்குள்.

மற்ற ஐந்தும் கிடைக்காவிட்டால் படமில்லாமல் போடுவார்களாம். ஆறாவதுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ரெம்பியாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் நாகமுத்து என்ற ரப்பர்ப் பால்மரத் தொழிலாளி வைத்திருந்த தப்பு அது. மரச் சட்டத்துக்குப் பதிலாக, துரை வீட்டில் தூக்கிப்போட்ட சிறுவர் சைக்கிளின் இரும்பு வளையம். ஸ்போக் கம்பி கோக்கும் துளைகளிலேயே வாரைக் கோத்துத் தோலை இழுத்துக் கட்டியிருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே வைத்திருந்தவர்கள் அல்ல நம்மவர்கள், கையில் கிடைத்ததை வைத்துப் புதிதாகச் செய்தவர்கள் என்பது அவருடைய வாதம். மதிப்பீட்டாளர் எழுதுகிறார்: "துளைகள் தெரியும் படம் இல்லாமல் இதை ஏற்க இயலாது. இல்லையேல் இப்பகுதியை நீக்கவும்."

ஒன்பது பக்கங்கள். மற்றப் பக்கங்களை வேறு யாரும் எழுதியிருக்கலாம். இந்த ஒன்பதும் அவர்.

5 செப்டம்பர், வியாழன்

மகன் ஃபிரெடி விட்டுப்போன மடிக்கணினியில் காலை எட்டு முதல் மதியம் ஒன்று வரை தேடினேன். நூற்று நாற்பத்தொரு படங்கள் பார்த்தேன். பயன்படுத்தத் தகுந்தவை: மூன்று.

பெரும்பாலானவை தபால்தலை அளவு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகின்றன. சிலவற்றின் குறுக்கே விற்பனைக்காரனின் பெயர் முத்திரை. ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகம் கஞ்சிராவைத் தப்பு என்று போட்டிருக்கிறது. இன்னொன்று தவிலை உறுமி என்கிறது. இருவருக்கும் மரியாதையாகத் திருத்தம் எழுதினேன். கிள்ளானிலிருந்து ஒரு குழுவின் வண்ணப்படம் — பளபளக்கும் சட்டை, பிளாஸ்டிக் தோல். அழகு. ஆனால் போன வருடத்து அழகு.

மாலை ஆறு மணிக்குத்தான் இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். வேண்டாம் என்று கையால் காட்டினேன். அதைப் பேச்சு என்று கணக்கில் எடுக்க முடியாது.

12 செப்டம்பர்

உடுக்கைக்கு ஒரு லண்டன் நூலகம் அனுமதி தந்தது. ஐந்து நாளில். ஆங்கிலத்தில் ஒழுங்காகக் கடிதம் எழுதினால் வேலை நடக்கிறது.

16 செப்டம்பர், திங்கள்

மலேசிய தினம். ஃபிரெடி ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து கூப்பிட்டான். ஆறாவது படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஏன்மா இவ்ளோ கஷ்டப்படுறீங்க? ஏஐகிட்ட சொன்னா செஞ்சு கொடுத்துரும்லா."

பத்து நிமிடத்தில் அனுப்பியும்விட்டான். கறுப்பு வெள்ளை. ரப்பர் மரங்கள், முண்டாசு கட்டிய மனிதர், மார்பில் இரும்பு வளையத் தப்பு, வளையம் முழுக்கத் துளைகள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு விரல்களை எண்ணினேன். ஆறு.

"இவருக்கு ஆறு விரல்" என்றேன்.

"அத அழிச்சிரலாம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"ஐயோ அம்மா, நீங்க இன்னும் டீச்சர்தான்."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான். அங்கேயும் இன்று விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலும். அங்கே ஏன் விடுமுறை?

24 செப்டம்பர், செவ்வாய்

ஐந்து படங்கள் முடிந்தன. ஆறாவதற்காக அவருடைய குறிப்புப் புத்தகங்களை மறுபடி புரட்டினேன். 1991இல் அவரே நினைவிலிருந்து வரைந்த கோட்டுப்படம் இருக்கிறது. தோசைக்கல் போலிருக்கிறது. அவருக்கு வரைய வராது.

கடைசிப் புத்தகம், 2022. கை நடுங்கி எழுதிய பட்டியல். கடைசி வரி:

"படம் 6 — செலினிடம் மறுபடி கேட்க வேண்டும்."

கேட்கவில்லை.

25 செப்டம்பர்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் தேடிக்கொண்டிருப்பது நடிப்பு.

படம் இருந்தது. 30 மே 1970, எங்கள் கல்யாணம். மலாக்கா மாதா கோயிலில் திருமணப் பூசை முடிந்து காரில் தோட்டத்துக்கு வந்தோம். என் அப்பா அங்கே பெரிய கிராணி. தோட்டத்துக் கணக்கும் பெயர்ப் பதிவும் அவர் கையில். வாசல் வளைவில் நாகமுத்துவும் இன்னும் இருவரும் தப்படித்துக் காரை வரவேற்றார்கள். யாரும் அழைக்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். வீட்டுப் படிக்கட்டில் எங்களை நிறுத்தி ஃபோட்டோ எடுத்தபோது, அவர்களும் இடது பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். "நாகமுத்து, தள்ளிப் போ" என்று சொல்ல வாயெடுத்தேன். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எல்லாரும் அப்படித்தான். ஃபோட்டோக்காரர் அதற்குள் எடுத்துவிட்டார்.

மூன்று பிரதிகள் வந்தன. ஒன்று நான் படித்த கான்வென்ட்டில் மதருக்கு அனுப்ப வேண்டியது. சாவுக்கு அடிக்கும் தப்போடு என் கல்யாணப் படத்தை மதருக்கு எப்படி அனுப்புவது? இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெட்டினேன். அம்மாவின் தையல் கத்தரிக்கோல். ரூலர் வைத்துப் பென்சில் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினேன். மூன்று பிரதிகளையும். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை.

அவர் முதலில் பார்த்ததே சட்டம் போட்ட படத்தைத்தான்.

1991இல், இந்த ஆராய்ச்சி தொடங்கிய புதிதில், கேட்டார்: "நம்ம கல்யாணத்தன்னிக்கி நாகமுத்து அடிச்சாரே, ஃபோட்டோவுல அவர் விழல?" நான் சொன்னேன்: "இல்ல, அவங்க தள்ளி நின்னாங்க." ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

அந்தப் படம் ஹாலில் வெள்ளிச் சட்டத்தில்தான் இருக்கிறது. இடது ஓரத்தில், என் சேலை மடிப்புக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பார்க்கிறவர்கள் கீறல் என்பார்கள். கீறல் இல்லை. நாகமுத்துவின் நீளக் குச்சியின் நுனி. அதையும் வெட்டியிருந்தால் என் கையும் போயிருக்கும்.

ஐம்பத்திரண்டு வருடம் தினமும் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார். குச்சியின் நுனியை அவருக்குத் தெரியாதா? தப்புக் குச்சிகளை மட்டும் பதினான்கு பக்கம் அளந்து எழுதியவருக்கு?

தெரிந்துதான் 'மறுபடி' என்று எழுதினாரா? தெரிஞ்சா நேரா கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல?

2 அக்டோபர்

மலாக்காவில் அந்த ஸ்டூடியோ இருந்த கடையில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். நெகட்டிவ் என்று சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. வெயிலில் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

9 அக்டோபர், புதன்

ரெம்பியாவில் கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசி. நான் எழுதிவைத்திருந்ததை ஒழுங்காகப் படித்தேன்: இன்ன தோட்டம், இன்ன ஆண்டு, நாகமுத்து என்பவரின் வாரிசுகள். அந்தப் பக்கம் ஒரே வரி:

"தப்பு நாகமுத்துவா? அவரு மக இந்திராதேவி அக்கா இங்கதான் தாமான்ல இருக்காங்க. நம்பர் தரவா?"

ஒரு வாரம் தயங்கியதற்கு ஒரு நிமிட வேலை.

15 அக்டோபர், செவ்வாய்

ரெம்பியா போய் வந்தேன். வரிசையாக எழுத வேண்டும்.

கிராப் வாடகைக் காரில் போனேன். தாமானில் ஒரே மாதிரிக் குடியிருப்பு வீடுகளின் வரிசையில் ஒற்றைமாடி வீடு, வாசலில் செம்பருத்தி. இந்திராதேவிக்கு எழுபத்தொன்று. அரசாங்கக் கிளினிக்கில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த உடம்பு.

"வாங்க டீச்சரம்மா. கிராணி வீட்டு சின்னம்மா எங்க தொழிலாளி லயத்துப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்ல. இப்ப தாமானாச்சு, வந்துட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேத்தண்ணி வந்தது. கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். தப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"தோட்டத்த விட்டு வந்தப்ப பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போனான். அப்பா ஒன்னும் சொல்லல." தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார். "உங்க சாரும் இதேதான் கேட்டாரு. ஸ்கூட்டர்ல வந்தாரு ஒரு தடவ. அப்பாவோட ஃபோட்டோ இருக்கான்னு. ஒன்னும் இல்ல சார்னு அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"மகன் தனேஷ் ஒன்னாம் வகுப்பு. தொண்ணூத்தொன்னு."

அவர் என்னிடம் கேட்ட அதே வருடம். நான் இல்லை என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

"நெஜமாவே ஒன்னும் இல்லையா?"

"இருந்திச்சு."

"அப்புறம் ஏன்…"

"உங்களுக்குத் தெரியாததா டீச்சரம்மா? மகன் அப்பதான் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கான். சாவு வீட்டுல தப்படிச்சவன் பேரன்னு புக்குல போட்டு வைக்கவா? அதான் இல்லன்னேன்."

நான் சொன்னேன்: "நானும் அவர்கிட்ட இல்லன்னுதான் சொன்னேன்."

இந்திராதேவி என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம். துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்திருக்க வேண்டும், நாப்தலின் வாசனையோடு வந்தார். சிறிய கண்ணாடிச் சட்டம். உள்ளே மூன்று பேர், முண்டாசு, மூன்று தப்பு. நடுவில் இல்லை, வலது பக்கம் நாகமுத்து. வெயில் நேராக வளையத்தில் விழுந்திருக்கிறது. துளைக்குத் துளை வார் முடிச்சு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். கை மறைத்தது போகப் பன்னிரண்டு.

"ஃபோட்டோக்காரர்கிட்ட அப்பாவே காசு கொடுத்து ஒன்னு கழுவி வாங்கினாரு" என்றார். "இருங்க, முழுசா காட்டுறேன்." சட்டத்தின் பின்பலகையை நீக்கிப் படத்தை எடுத்தார். பின்பக்கமாக மடித்திருந்தது. பிரித்தார்.

மடிப்புக்கு உள்ளே நானும் அவரும்.

"சட்டம் சின்னதும்மா. அப்பா மடிச்சு வச்சிட்டாரு. வேற ஒன்னும் இல்ல."

ஐம்பத்துநான்கு வருடம் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் மடிந்து கிடந்திருக்கிறேன். வெயில் படாததால் எங்கள் பகுதி மட்டும் பழுப்பேறவில்லை. அவருடைய கோட்டுப் பொத்தான்கள் வரை தெரிகின்றன. இருபத்தேழு வயது.

அப்போதுதான் இந்திராதேவி கேட்டார்: "உங்க கல்யாணத்துக்குப் புடிச்சதுதானே. உங்ககிட்டயும் இதே இருக்கணுமே?"

கரையான் அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் தயாராக இருந்தது. படம் எனக்குக் கிடைத்திருக்கும்.

"வெட்டிட்டேன்" என்றேன்.

"எத?"

"உங்கப்பா நின்ன பக்கத்த."

இந்திராதேவி சட்டத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். படத்தைப் பழைய கோட்டிலேயே மடித்தார். சட்டத்துக்குள் வைத்து, ஆணிகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். நான்கு ஆணிகள்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற போடவா?"

"வேணாம்."

"பெரிய மகளோட பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம். வாணிக்கு. இந்த நேரத்துல இது வேணாம் டீச்சரம்மா. கோச்சுக்காதீங்க."

காரில் வரும்போது ஓட்டுநர் ரேடியோவை அணைக்கட்டுமா என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் சிவந்த கண்களைப் பார்த்த பிறகு தெரிந்தது.

31 அக்டோபர்

தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. தட்டைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன், உள்ளே நான்கு ஆரஞ்சு வைத்து.

2 நவம்பர், சனி

சகல ஆத்துமாக்கள் திருநாள். கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மற்றவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், பாய் விரித்து, பிள்ளைகளோடு. நான் போய் நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சத்தமாகவே. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் எப்போதும்போலப் பதில் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் நான் தவறை ஒப்புக்கொண்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அதை மரியாதை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

8 நவம்பர்

அனுசியாவுக்கு எழுதினேன்: ஆறாவது படம் கிடைக்காது. அனுப்பு பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

11 நவம்பர், திங்கள்

காலை பத்தரைக்குத் தொலைபேசி. குரல் அடையாளம் தெரியவில்லை.

"இந்திரா பேசுறேன். பசியாறிட்டீங்களா?"

என் காலை உணவைப் பற்றி யாரும் கேட்டு எவ்வளவு காலம்.

"தனேஷ்கிட்ட சொன்னேன். வேணாம்னுதான் சொன்னான். உன் தாத்தா ஃபோட்டோடா, உன் ஃபோட்டோ இல்லன்னேன். எழுந்து போயிட்டான்." கொஞ்சம் சிரித்தார். "நீங்க அன்னிக்குப் போனதுலேருந்து மனசு சரியில்ல எனக்கு. வெட்டுனத சொல்லாமயே இருந்திருக்கலாம்லா நீங்க. சொல்லிட்டீங்க. நான் முப்பது வருசமா துணிக்கடியில வச்சிருக்கேன். ரெண்டு பேரும் ஒன்னுதான்."

பிறகு: "ஆனா ஒன்னு. அப்பாவ மட்டும் தனியா வெட்டிப் போடக்கூடாது. தனியா போட்டா, சாவுக்கு அடிக்கறவருன்னு பாப்பாங்க. நீங்க பொண்ணு மாப்பிள்ளையா பக்கத்துல நின்னா, கல்யாணத்துக்கு அடிச்சவரு. முழுசா போடுறதா இருந்தா போடுங்க. இல்லாட்டி வேணாம்."

"முழுசா போடுவேன்."

"பேரு வெறும் நாகமுத்து. முன்னாடி ஒன்னும் சேக்காதீங்க."

"சேக்க மாட்டேன்."

போனை வைத்த பிறகு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கை முழுவதும் தப்பு சாவுக்குத்தான் என்று நினைத்து வெட்டியவள் நான். அந்த வெட்டுதான் அவரைச் சாவுக்காரராக ஆக்கியது.

13 நவம்பர்

அனுசியாவோடு தகராறு. முழுப் படம் போட்டால் பக்கத்தின் அகலத்துக்குத் தப்பு ஒன்றரைச் செண்டிமீட்டர்தான் வரும், துளைகள் தெரியாது, மதிப்பீட்டாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்கிறாள். "தப்பை மட்டும் கட்டம் கட்டி எடுத்துப் போடுவோம் மேடம். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ரெண்டு நிமிஷ வேலை."

மேடம் ஆகிவிட்டேன். முன்னேற்றம்தான்.

ரெண்டு நிமிஷ வேலை என்பது எனக்குத் தெரியும்.

14 நவம்பர், வியாழன்

அவருடைய மேசையில் உட்கார்ந்து, அவருடைய இரும்பு ரூலரை வைத்துக்கொண்டு, இந்தத் தொகுப்பின் முந்தைய பாகத்தை அளந்தேன். பக்க அகலத்துக்குப் போட்டால் அனுசியா சொல்வது சரி. ஆனால் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி முழுப்பக்கத்துக்குப் போட்டால்? வாசகர் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தப்பு இரண்டரைச் செண்டிமீட்டர் வருகிறது. ஒரு தாளில் அதே அளவுக்கு வட்டம் வரைந்து, வட்டத்தைச் சுற்றி இருபது புள்ளிகள் வைத்து, கையைத் தூர நீட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்கே தெரிகிறது.

தாளையும் அளவுகளையும் அனுப்பினேன். மாலையில் பதில்: "இது எனக்குத் தோணவே இல்ல மேடம். சரி."

அவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்துவிட்டேன். ஹால் வரை போய்விட்டேன்.

18 நவம்பர், திங்கள்

ஸ்கேன் எடுத்தாயிற்று. படத்தை யார் கையிலும் தர மாட்டேன் என்று இந்திரா தானே மலாக்காவுக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார். படத்தை ஒரு பாத்திக் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு. கடையில் இயந்திரத்தின் மூடியைத் திறந்தபோது இரண்டு பேருமே குனிந்தோம். கடைக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா தங்கச்சியா?" என்றாள்.

"இல்லலா. ஒரே ஃபோட்டோ" என்றார் இந்திரா.

மடிப்புக் கோட்டைக் கணினியிலேயே அழித்துவிடலாமாம், தெரியாத அளவுக்கு. வேண்டாம் என்றேன். இந்திராவும் அதே நேரத்தில் வேண்டாம் என்றார்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: இந்திராதேவி நாகமுத்து. பஸ் வரும் வரை கூட நின்றேன். "வரேன்க்கா" என்று ஏறினார். எந்த வார்த்தையிலிருந்து எந்த வார்த்தைக்கு வந்தது என்று வீடு வரை எண்ணிக்கொண்டு வந்தேன்.

29 நவம்பர், வெள்ளி

படக்குறிப்பு அனுப்பிவிட்டேன். ஒரு நாள் முன்னதாக. இறுதி வடிவம்:

படம் 6. சைக்கிள் வளையத்தால் செய்த தப்பு, ரெம்பியா அருகே, 30 மே 1970. இடமிருந்து மூன்றாவதாகத் தப்புடன் நிற்பவர் நாகமுத்து. அடுத்து மணமக்கள் செலின், அந்தோணிராஜ். இடது ஓரத்து இருவரின் பெயர்கள் தெரியவில்லை. படம்: இந்திராதேவி நாகமுத்து.

'பெயர்கள் தெரியவில்லை' என்பதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. அந்தத் தோட்டத்தில் எல்லாருடைய பெயரும் இருந்த புத்தகம் எங்கள் வீட்டு மேசையில்தான் இருந்தது. ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

14 மே 2025, புதன்

தபாலில் புத்தகம். மூன்று பிரதிகள்.

பக்கம் 187. திருப்பிப் பிடித்தேன். துளைகள் தெரிகின்றன. ஒன்பது பக்கமும் இருக்கின்றன, ஒரு வரிகூடக் குறையவில்லை. 191ஆம் பக்கத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருக்கிறது. அனுசியாவுக்கு எழுத வேண்டும். வேண்டாம், விட்டுவிடலாம்.

ஒன்று அவருடைய மேசையில். ஒன்று ஃபிரெடிக்கு. ஒன்று ரெம்பியாவுக்கு. எனக்கென்று மிச்சமில்லை. இன்னும் ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது புத்தகத்தையும் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் புத்தகம் கூடாது என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

21 மே

இந்திரா கூப்பிட்டார். தனேஷ் புத்தகத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போனானாம். எதற்கு என்று சொல்லவில்லையாம். வாணிக்கு வரன் முடியவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

26 மே, திங்கள்

ஸ்கேன் எடுத்த முழுப் படத்தை வெட்டுவதற்கு முன்பிருந்த அளவிலேயே பிரிண்ட் போட்டு, ஹாலிலிருந்து வெள்ளிச் சட்டத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு கிளேபாங்கில் குகனின் படச்சட்டக் கடைக்குப் போனேன். வெட்டிய படத்தை நானே வெளியே எடுத்தேன். இடது விளிம்பு இன்னும் நேராக இருக்கிறது, ஊசி போல.

குகன் புதிய படத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தான். இடது பக்கம் மூன்று விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல வெள்ளி ஆன்ட்டி, வீணாக்க வேணாம். இந்த ஓரத்த மட்டும் கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டா அப்படியே உள்ள போயிரும்."

கத்தியைக்கூட எடுத்துவிட்டான்.

"வேண்டாம்" என்றேன். "படத்துக்கு அளவெடுத்துச் சட்டம் செய்."

"மரச் சட்டம்தான் வரும் ஆன்ட்டி. பரவால்லயா?"

"பரவாயில்லை."

அளந்து எழுதிக்கொண்டான். நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னான். முப்பதாம் தேதி. எங்கள் கல்யாண நாள்.